ஐந்து மணி கேக்

கண்ணுகளா,

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் போனில் கேட்டாய்: "அப்பா, அம்மாவுக்கு நீங்க செய்வீங்களே ஓட்ஸ் கேக்கு, அதுல எத்தனை முட்டை?" உன்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, செய்து தரப்போகிறேன் என்றாய். பெரிய முட்டையாக இருந்தால் மூன்று, சின்னதாக இருந்தால் நான்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். லீவுக்கு வந்து பக்கத்தில் படுத்திருந்த சின்னவன், "எங்களை அஞ்சு மணிக்கு எழுப்பிக் கொன்னீங்களே, அந்தக் கேக்கா?" என்று சிரித்தாய்.

அப்போதுதான் தோன்றியது, பாதிதான் சொல்லியிருக்கிறேன். அந்த வருடம் உங்கள் இருவரையும் எதற்காக ஐந்து மணிக்கு எழுப்பினேன் என்று இதுவரை சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்பது உங்கம்மாவின் உத்தரவு. இப்போது அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, எழுதுங்க. தலை நரைச்சுப் போச்சு, இனி என்ன வெக்கம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். முன்னே பின்னே இருந்தால் நீங்கள் சரி பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் பெரியவள் பத்தாவது, சின்னவன் ஆறாவது. உங்கம்மா பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு ஷிப்ட். ஐந்தரைக்குப் பால் சொசைட்டி வளைவில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். நான் இப்போது இருக்கிற அதே கோழிப்பண்ணையில், அதே முட்டை ரூமில்தான் அப்போதும் இருந்தேன். எனக்கு ஏழரைக்குப் போனால் போதும். அவள் எழுந்து, வாசல் கூட்டி, சோறு வடித்து, நம் மூன்று பேருக்கும் டப்பா கட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். அவள் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை. பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் ஆறு தறி பார்த்தாள். ஓடுகிற தறியில் ஒரு நூல் அறுந்தால் உடனே பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அவள் முடிச்சுப் போடுவதை நான் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். விரல் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. அங்கே இருக்கிற சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். வீட்டிலும் பழக்க தோஷத்தில் கையாலேயே "உப்பு டப்பாவை எடு" என்பாள். சின்னவன் அதைச் செய்து காட்டி நம்மைச் சிரிக்க வைப்பாய்.

ஐப்பசி மழையில் அவள் கால் விரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம், நான் டிரேயில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான்காவது தறிக்கும் ஐந்தாவது தறிக்கும் நடுவில் மயங்கி விழுந்திருக்கிறாள். பக்கத்துத் தறிக்காரி சேலையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தலை தறிமேலேயே போயிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது நூல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இவங்க கையி எனக்கு வேணும். ஆனா ஓடற தறியில உழுந்தா நாளைக்கு உங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா தறிய உட்டுப்போட்டு அந்த மூலையில தார் சுத்தட்டும். தை வரைக்கும் பாக்கறனுங்க."

தார் சுற்றுவது என்றால் நூலைச் சின்னச் சின்னக் கட்டையில் சுற்றிக் கொடுப்பது. பட்டறை மூலையில் வயதானவர்கள் உட்கார்ந்து செய்கிற வேலை. உங்கம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பால் சொசைட்டி வளைவு வந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அந்த மூலையில நான் உக்கார மாட்டனுங்க. அதுக்கு ஊட்லயே கெடந்துக்கறேன்."

அவள் அப்படி அழுகையோடு பேசி நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியைப் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டது ஒரே கேள்வி. "மாத்திரை போட்டுட்டு என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"டீயோட?"

உங்கம்மா சுவரைப் பார்த்தாள். நர்சம்மா என்னைப் பார்த்தார். மாத்திரை போட்ட அரை மணிக்குள் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும், வெறும் வயிறாக இருந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும் என்று எனக்குத்தான் திட்டு. அரிசியைக் குறைத்து, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்.

ஓட்ஸ் கஞ்சி இரண்டு நாள் ஓடியது. மூன்றாவது நாள் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். "இது கஞ்சி இல்லீங்க, செவுத்துல போஸ்டர் ஒட்டற பசை." விடியாத அந்த நேரத்தில் இட்லி அவளுக்குத் தொண்டையில் இறங்காது. அதுவரை அவளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். வேன் வழியில் ஒரு பேக்கரி முன்னால் நிற்கும். பெண்கள் எல்லோரும் இறங்கி டீயில் பன்னையோ கேக்கையோ முக்கித் தின்பார்கள். சர்க்கரை என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டாள். மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு வெறும் டீ குடித்தாள்.

"ஓட்ஸ்லயே கேக்கு செய்யலாமாம்ப்பா" என்று போனைக் கொண்டுவந்து காட்டியது பெரியவள்தான். அந்த வீடியோவில் ஒரு அம்மா பளபளவென்ற ஓவனைத் திறந்து மூடினார். நம்மிடம் ஓவன் ஏது? குக்கரில் மணல் பரப்பிச் செய்யலாம் என்று நீயே இன்னொரு வீடியோவைத் தேடி எடுத்தாய். சின்னவன் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு படி மணல் வாங்கி வந்து, சலித்து, மூன்று தண்ணீர் கழுவி மொட்டை மாடியில் காய வைத்தாய். அதை ஒரு பூனை வந்து அசுத்தம் பண்ணி, மறுபடி போய் வாங்கி வந்தாய். அது உங்களுக்கு நினைவிருக்கும். கேக் விஷயத்தில் நான் செய்த கூத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

முதல் கூத்து மாவு மில்லில். மிக்சியில் ஒரு கை ஓட்ஸைப் போட்டுச் சுற்றினால் முடிகிற வேலை. எனக்கோ மாவு என்றால் மில். கோதுமையோ ராகியோ எதுவானாலும் தூக்குப் போசியில் போட்டு மில்லுக்குக் கொண்டுபோய்ப் பழகிய கை. இரண்டு பாக்கெட் ஓட்ஸைக் கொட்டி எடுத்துக்கொண்டு போனேன். மில்லுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதென்னுங்க, தவுடா? மாட்டுக்குங்களா?"

"ஊட்ல அம்மிணிக்குங்க."

"அட அக்கிரமமே! ஏனுங்க, சண்டையா?"

அங்கே நின்றிருந்த நான்கு பெண்கள் சிரித்த சிரிப்பில், முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். மில்லுக்குப் போகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி அது. மிளகாய் அரைத்த மெசினில் அடுத்து யாரும் மாவு போட மாட்டார்கள். யாராவது ஒருவர் அரிசி போட்டுக் கழுவி விடட்டும் என்று பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்த நான்கு பேரும் அதற்குத்தான் நின்றிருக்கிறார்கள். நான் போய் நேராகக் கொட்டிவிட்டேன். தடுத்திருக்கலாம் அல்லவா? தடுக்கவில்லை. அவர்களுக்கு மெசின் கழுவ ஆள் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் குக்கரைத் திறந்தபோது சின்னவன் ஏழு தும்மல் போட்டாய். கேக் லேசான சிவப்பில் இருந்தது. உங்கம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க. கூடக் கொஞ்சம் கோழியப் போட்டிருந்தா கொழம்பே ஆயிருக்கும்" என்றாள்.

இரண்டாவது கூத்து முட்டையில். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கம். முட்டை ரூமில் என் வேலையே முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து இது எத்தனை கிராம் என்று சொல்வது. தராசு சொல்வதும் என் கை சொல்வதும் அதிகம் போனால் ஒரு கிராம் வித்தியாசப்படும். அப்படிப்பட்டவன், வீடியோவில் மூன்று முட்டை என்றதும் மூன்று முட்டையை எண்ணிப் போட்டேன். அதிலும் பார்த்துப் பார்த்துப் புதுக்கோழி இட்ட முட்டையாக எடுத்து வந்திருந்தேன். முதல் முதலாக இடுகிற கோழியின் முட்டை சின்னதாக, ஓடு நல்ல கெட்டியாக இருக்கும். உடம்புக்கு முடியாத ஆளுக்கு இளம் முட்டை நல்லது என்று என் மனதுக்குப் பட்டது. கேக் வெந்து வந்தது. கத்தியை வைத்தால் உதிர்ந்தது. உதிராத இடம் செங்கல் மாதிரி இருந்தது. அதைத் தண்ணீர் குடித்துக் குடித்து நாம் மூன்று பேரும் தின்று தீர்த்தோம்.

மறுநாள் பண்ணையில் புதுக்கோழி முட்டையைத் தனி டிரேயில் ஒதுக்கும்போது என் கையே எனக்குச் சொன்னது. அட மடையா, இது நாற்பத்தி இரண்டு கிராம், பெரிய முட்டை என்றால் ஐம்பத்தைந்து. நீ ஒரு முட்டையில் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் திருடிவிட்டாய். மூன்று முட்டைக்கு எவ்வளவு ஆச்சு? ஈரம் இல்லாமல் கேக் எப்படி மெத்தென்று வரும்?

மூன்றாவது தடவை சரியாக வந்தது. பெரியவளே, உன்னோடு வேலை பார்க்கும் அந்த அக்காவுக்குச் செய்யும்போது இதைப் பார்த்துச் செய். ஓட்ஸை மிக்சியில் அரைத்துச் சலித்து இரண்டு டம்ளர் மாவு. ஒரு சிட்டிகை உப்பு, ஆப்ப சோடா கால் ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய். முட்டையைத் தனியாக நுரை பொங்கும்வரை அடி. கை வலித்த பிறகும் கொஞ்சம் அடி. அரை டம்ளர் புளிக்காத தயிர், நான்கு ஸ்பூன் எண்ணெய், துருவிய கேரட் ஒரு கைப்பிடி. நாட்டுச்சக்கரை இரண்டே ஸ்பூன். நாட்டுச்சக்கரைதானே என்று அள்ளிப் போடாதே. "அதுவும் சக்கரைதான், அதுக்குத் தனி மாத்திரை கெடையாது" என்று நர்சம்மா எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். எல்லாம் கலந்து பத்து நிமிடம் சும்மா வை. ஓட்ஸ் மாவு மெதுவாகத்தான் ஈரம் குடிக்கும், கெட்டியானால் இரண்டு ஸ்பூன் பால் விடு. குக்கர் மூடியில் வெயிட்டும் ரப்பரும் இருக்கக் கூடாது. மணல் நன்றாகச் சூடான பிறகு பாத்திரத்தை உள்ளே வைத்துச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். சாயங்காலம் செய்துவைத்தால் காலையில் இன்னும் மெத்தென்று இருக்கும்.

உங்கம்மா அதைக் கிள்ளி வாயில் போட்டு, இன்னொரு முறை கிள்ளினாள். எனக்கு அது போதும்.

அடுத்த நாளிலிருந்து காலையில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "இப்பவே தின்னுட்டுப் போயேன்" என்று படுக்கையிலிருந்தே சொல்வேன். "வேன்ல சாப்புட்டுக்கறனுங்க" என்பாள். சாயங்காலம் வந்து, "நல்லா இருந்துச்சுங்க" என்பாள். இரண்டு வாரம். நான் பண்ணையில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். மேஸ்திரிக்குக்கூட ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நடுவில் ஒரு நாள் முழங்கையில் வீக்கத்தோடு வந்தாள். வேன் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நானும் எண்ணெய் தேய்த்து விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். உங்கம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாளே, அந்தப் பக்கத்துத் தறிக்காரி.

"ஏனுங்கண்ணா, எங்க வேன்ல இப்ப உங்க கேக்குப் பேச்சுத்தானுங்க. பதினோரு பேருங்க நாங்க. அக்கா பொட்டணத்தப் பிரிச்சா ஆளுக்கொரு விள்ளல்தான் வருது. கொஞ்சம் பெருசாத்தான் வெட்டி உடுங்களேன்!"

நான் வெண்டைக்காயைக் கீழே வைத்தேன். "அக்கா எவ்வளவு திங்குது?"

அவள் யோசித்தாள். சிரிப்பு போய்விட்டது. "அக்கா... அக்காதானுங்க எல்லாருக்கும் குடுக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணா, சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிருக்குது. புதங்கெழம மறுக்காத் தள்ளாடி உழுந்துருச்சுங்க. முட்டி போட்ட மாதிரி. நாங்க ரெண்டு பேரு மறைச்சு நின்னுக்கிட்டோம், ஓனரு பாக்கல. எத்தன நாளைக்கு மறைக்கறதுங்க?"

வெண்டைக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் டியூசனுக்குப் போயிருந்தீர்கள். உங்கம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றே கேட்டேன்.

"முழங்கையி எதுல இடிச்சுது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தைப் பை காலியாக இருப்பதைப் பார்த்தாள். "வாயி நிக்காது அவளுக்கு" என்றாள்.

"நான் முட்டைய அளந்து, மாவ அளந்து, மணலக் கழுவி, யாருக்கு ஆக்கறேன் அத? ஊருக்கா? தறி வேணும்னு அழுதியே. ஒரு துண்டு கேக்க உன்ற வாயில போட உனக்கு என்ன கேடு?"

"பதினோரு பேரு பாக்க நான் மட்டும் தனியா எப்படித் திங்கறது? இத்தன வருசமா எல்லாரும் ஒன்னாப் பிச்சுத் தின்னவங்க. பிரிச்சா நாலு கையி நீளுது. இல்லீங்கறதா?"

"அப்ப ஊட்லயே தின்னுட்டுப் போ! தெனமும் சொல்றனே!"

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அது உன் பள்ளிக்கூடச் சட்டை, சின்னவனே. பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"நீங்க மூணு பேரும் வெறும் வயித்தோட படுத்துக் கெடக்கறப்ப நான் மொதல்ல உக்காந்து திம்பனாங்க? என்னால ஆகாது. நான் முயற்சி பண்ணாம இல்ல. ஒரு நா தட்டுல வெச்சு உக்காந்தேன். திருடித் திங்கற மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சுட்டேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது எனக்குப் புதிதே இல்லை என்பதுதான் கஷ்டம். கல்யாணமான நாள் முதல் நான் சாப்பிட்ட பிறகு, நீங்கள் பிறந்த பின் நீங்களும் சாப்பிட்ட பிறகு, நான் எழுந்த தட்டிலேயே அவள் போட்டுச் சாப்பிடுவாள். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். இவள் பிறந்த வீட்டில் இப்படி, எங்கம்மாவும் அப்படித்தான், அதில் என்ன என்று இருந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. காலை ஐந்தரைக்கு அவள் கடைசியாகச் சாப்பிட வேண்டுமென்றால், அதற்கு முன்னால் சாப்பிட யார் இருக்கிறார்கள்? எல்லோரும் போர்வைக்குள். நான் ஓட்ஸையும் முட்டையையும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"புள்ளைங்ககிட்டச் சொல்லீராதீங்க" என்றாள். "எங்களாலதான் அம்மா உழுந்தாங்கன்னு நெனச்சுக்கும்."

சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு உங்கள் இருவரின் போர்வையையும் உருவினேன்.

மார்கழிக் குளிர். சின்னவன் கண்ணைத் திறக்காமலே, "அப்பா, இன்னும் கோழிகூட எந்திரிச்சிருக்காது" என்றாய். "பண்ணையில லைட்டுப் போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு சாமி, கோழியெல்லாம் தீவனம் தின்னுக்கிட்டு நிக்குது, எந்திரி" என்றேன். பெரியவளுக்கு மட்டும் ஒரு காரணம் சொன்னேன், பத்தாவது, விடியக்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று. சின்னவனுக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. நீ வருடம் முழுக்க ஏன் என்று கேட்டாய். நான் வருடம் முழுக்க, "எந்திரி" என்றேன்.

சமையல்கட்டில் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். நான்கு தட்டு, நான்கு துண்டு, நான்கு டீ. உங்கம்மா மாத்திரை போட்டுவிட்டு நம் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"எடுங்க" என்றாள் என்னிடம்.

"நீ எடு."

"நீங்க எடுங்கன்னா."

"நீ மொதல்ல எடு புள்ள."

இரண்டு பேரும் எடுக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. மணி ஐந்து இருபது. சின்னவன் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாய். பெரியவள்தான் பொறுக்க முடியாமல் கத்தினாய். "அய்யோ, எனக்குப் படிக்கணும்! நான் ஒன்னு ரெண்டு மூனு சொல்றேன். மூனு சொன்னா நாலு பேரும் ஒன்னாக் கடிக்கணும். டேய், எந்திரிடா!"

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வாயும் ஒன்றாகத் திறந்தது. உங்கம்மா கடித்துவிட்டு, முறை மீறிவிட்டோமோ என்பதுபோல ஒரு நிமிடம் மெல்லாமல் இருந்தாள். பிறகு மென்றாள். டீயில் முக்கி மிச்சத்தையும் தின்று முடித்தாள். வளைவில் ஹாரன் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்று ஓடினாள். வேன் பெண்களுக்கென்று தனியாக ஒரு முழுக் கேக்கை அன்று முதல் நான் பையில் வைத்துவிட்டேன். அதில் அவள் யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அந்த நாட்கள் எனக்கு இப்போது அடிக்கடி ஞாபகம் வருகின்றன. நீங்கள் இருவரும் வெளியூர் போன பின் இன்னும் அதிகமாக. அடுப்புச் சூடு ஒரு பக்கம், கதவு இடுக்கில் குளிர் ஒரு பக்கம். பெரியவள் மடியில் சமூக அறிவியல் புத்தகத்தை விரித்தபடி எண்ணுவாய். சில நாள் ஒன்று, இரண்டு சொல்லிவிட்டு வேண்டுமென்றே நிறுத்துவாய். நாங்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்போம். சின்னவன் ஒரு நாள் "மூனு" என்று நீயே கத்திவிட்டுப் பாதித் துண்டை வாயில் அடைத்துக்கொண்டாய். உங்கம்மா சிரித்துப் புரையேறி, டீ மூக்கில் வந்தது. விளக்கு வைத்துச் சாப்பிடுகிற வேளையில்கூட நாம் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. டியூசன், ஷிப்ட், முட்டை லோடு என்று ஆளுக்கொரு நேரம். சேர்ந்து சாப்பிட்டது அந்த ஐந்து மணிக்கு மட்டும்தான்.

தை பிறந்தது. பொங்கல் லீவு முடிந்து பட்டறை திறந்த அன்று சாயங்காலம் நான் வண்டியை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டி வளைவுக்கே போய் நின்றேன். வேன் வந்தது. உங்கம்மா இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஓனரு என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல."

"ஒன்னுமேவா?"

"ரெண்டு தறி சேத்துக் குடுத்துட்டாருங்க. இப்ப எட்டு." வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கு எனக்குக் கொஞ்சம் பெருசா வெட்டுங்க" என்றாள்.

பிறகு மாசி வந்து, பெரியவளுக்குப் பரீட்சை நெருங்கியது. அந்த மாதத்தில் ஒரு காலை. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். உங்களை எழுப்பி விட்டிருந்தேன். நீங்கள் வெளியே குழாயடியில் யார் முதலில் முகம் கழுவுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அன்று வேன் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. உங்கம்மா வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். உங்கள் சண்டை முடிகிற மாதிரி இல்லை. அடுப்புப் பக்கம் திரும்பியிருந்த என்னையும் பார்த்திருப்பாள். நான் திரும்பவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். தட்டு இழுபடுகிற சத்தம் கேட்டது. கேக் டீயில் முங்குகிற சத்தம் கேட்குமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குக் கேட்டது. யாரும் எண்ணவில்லை, யாரும் அவளுக்கு முன்னால் சாப்பிடவில்லை. அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். அவசரத்தில் ஒரு ஓரத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று போய்விட்டாள்.

நீங்கள் முகம் கழுவிவிட்டு வந்தீர்கள். "அம்மா எங்கே?" என்றீர்கள். "சாப்புட்டுட்டுப் போயிட்டா" என்றேன். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் எண்ணாமலே தின்றீர்கள். பெரியவள் புத்தகத்தோடு மல்லுக்கட்ட முன்னறைக்குப் போனாய். சின்னவன் மறுபடி போர்வைக்குள் புகுந்துகொண்டாய்.

நான் சமையல்கட்டில் தனியாக நின்றேன். கழுவுவதற்குத் தட்டுகளை எடுத்தேன். உங்கள் தட்டு இரண்டையும் தொட்டியில் போட்டேன். அவள் தட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். டீயில் ஊறிய ஒரு ஓரம் அதில் இருந்தது, அவள் பல் பட்ட இடத்தோடு. வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கு வைத்திருந்த துண்டை அவள் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் மிச்சம் வைத்ததை முதலில் எடுத்துத் தின்றேன்.